இருபத்தேழாம் அத்தியாயத்துத் தீ

6.1.2019, ஞாயிறு

இன்று முதல் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. ‘சாயாத பாய்மரம்’ நாவலுக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. கெட்டி அட்டை. அட்டையில் தீவு, தீவில் தீ. பத்திரிகையில் அரைப் பக்க விளம்பரம் வேறு. ‘வரலாற்றில் இம்மியும் வழுவாத சாகசக் காவியம்’ என்று போட்டிருக்கிறார்கள். இம்மியும் வழுவாத! நான் மட்டும் கண்டுபிடித்த வழுக்கள் நூற்றுப் பதினான்கு.

கதை தெரியாதவர் எவரும் இந்த நோட்டைப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆண்டு 1742. முத்துக் குளிக்கும் கரை ஒல்லாந்தர் கையில் இருக்கிறது. அவர்களை எதிர்க்கும் திருமேனி என்பவனை, தண்ணீரே இல்லாத ஒற்றைத்தாழைத் தீவில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. இருபத்தேழாம் அத்தியாயத்தில் அவன் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுகிறான். ஒன்பது மைலுக்கு இந்தப் பக்கம், எங்கள் சேந்தன்முனை மணல்மேட்டில் நிற்கும் அலர்மேலு என்ற பெண் அந்தத் தீயைப் பார்த்துத் தோணி அனுப்புகிறாள். அவன் பிழைக்கிறான். பின்னால் வரும் முப்பது அத்தியாயமும் அந்தத் தீயின்மேல்தான் நிற்கின்றன.

அந்தத் தீ இங்கிருந்து தெரியாது. தெரிய முடியாது. சேந்தன்முனைக் கலங்கரை விளக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவன் சொல்கிறேன். எழுதியவர் பட்டணத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார். நான் அந்தக் கடலுக்கு முன்னால் நின்றவன்.

அந்தப் பொய்த் தீயால்தான் இந்த ஊர் என்னிடம் முப்பத்தேழு ஆண்டாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தீயைப் பார்க்காமல் இரண்டு பேரைச் சாகவிட்டவன் என்று எனக்குப் பெயர். எனக்கு எழுபத்து நான்கு வயது. போவதற்குள் அந்தப் பெயர் போக வேண்டும். மறுப்பு நூல் அச்சுக்குப் போயிருக்கிறது. நாற்பத்தெட்டுப் பக்கம்.

8.1.2019, செவ்வாய்

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வரவில்லை. முழங்கால் வலி. மனைவி கோமதி தைலம் தேய்த்துவிட்டாள்.

11.1.2019, வெள்ளி

மெய்ப்பு வந்தது. ‘ஒல்லாந்தர்’ என்ற சொல்லைப் பதினேழு இடத்தில் ‘ஒல்லந்தர்’ என்று அடித்திருக்கிறான்.

மாலையில் ஊர் நூலகத்துக்குப் போனேன். நூலகர் மிக்கேலம்மாள். செத்துப்போன அந்த இருவரில் ஒருவரான பிச்சையா பர்னாந்தின் மகள். அவர் போனபோது அவளுக்கு ஏழு வயது. என்னோடு பேசுகிற சிலரில் அவளும் ஒருத்தி. ஏன் பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை. நூலகத்துக்கு வரும் ஒரே நிரந்தர வாசகன் நானாக இருப்பதால் இருக்கலாம்.

பிப்ரவரி பத்தாம் தேதி வாசகர் வட்டத்தில் ‘சாயாத பாய்மரம்’ பற்றிப் பேச்சு என்று கரும்பலகையில் எழுதியிருந்தாள்.

“அன்னிக்கு நான் பேசணும்” என்றேன்.

“தெரியும் சார். உங்களுக்குன்னு முக்கா மணி நேரம் ஒதுக்கியாச்சு. அதுக்கு மேல போனா சனம் எந்திரிச்சுப் போயிரும்.”

“எத்தன பேரு வருவாங்க?”

“உங்க பேரப் போட்டா கூடுதலா நாலு பேரு வருவாவ. சண்டை பாக்க.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுப்பில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திருமேனி உருளைக்கிழங்கு அவித்துத் தின்கிறான். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் அது ஏது என்று சொன்னேன். நாலாம் அத்தியாயத்தில் அவன் தீக்குச்சி உரசுகிறான். தீக்குச்சி வர அதற்குப் பிறகு எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1974இல் அதைப் பற்றி நான் பதிப்பகத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் சிக்கிமுக்கிக் கல் ஆக்கிவிட்டார்கள். ஒரு நன்றிச் சொல் கிடையாது.

“அதெல்லாம் சரி சார். இருபத்தேழு?”

“பதினாறு பக்கம் அதுக்குத்தான்.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்தத் தொடங்கினாள்.

12.1.2019, சனி

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன்.

1981 ஜூலை 22. பிச்சையா பர்னாந்தும் அவர் தம்பி சவேரியாரும் வத்தை என்ற பாய்ப் படகில் மீன்பிடிக்கப் போனார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக இருந்தது. சுக்கான் முறிந்து ஒற்றைத்தாழைத் தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். அந்தக் காற்றில் அந்தப் பக்கம் வேறு படகு எதுவும் போகவில்லை. தென்கரையெல்லாம் தேடினார்களே தவிர தீவு யாருக்கும் தோன்றவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி காற்று தணிந்தபின் ஒரு படகு அங்கே போனது. தம்பியை அண்ணன் மணலில் புதைத்துத் துடுப்பில் சிலுவை செய்து நட்டிருந்தார். அண்ணன் சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தார். பாய், பலகை எல்லாவற்றையும் எரித்திருந்தார்.

விசாரணை நடந்தது. மேலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பிச்சையாவின் மூத்த அண்ணன் தொம்மை எழுந்து நின்றார். கையில் அந்த நாவல். அட்டை கிழிந்த பிரதி. “ஒரு பொம்பள மணல்மேட்டுல நின்னு பாத்துருக்கா. இவரு அத்தன ஒசரத்துல நின்னு பாக்கலியாம். இவரு எதுக்கு அங்க இருக்காரு?” என்று கேட்டார்.

கதையைச் சாட்சியாகக் கொண்டுவந்த ஊர் இது.

நான் சொன்னேன்: ஒன்பது மைலில் சுள்ளித் தீ தெரியாது, நான் வெளியே வந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. கோமதி தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். 1983இல் நானே சோதனையும் செய்தேன். உதவியாளர் படகில் போய்த் தீவருகே விறகை எரித்தார். நான் கலங்கரை விளக்கத்தின் மேல்மாடத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தேதி, நேரம், காற்று எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நூலில் பக்கம் 31.

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

15.1.2019, செவ்வாய்

பொங்கல். மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். “இன்னும் அந்தப் புத்தகத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்களாப்பா?” என்றான். தொலைபேசியைக் கோமதியிடம் கொடுத்துவிட்டேன்.

19.1.2019, சனி

எரிச்சலாக இருக்கிறது. எழுதினால் தணியும் என்று எழுதுகிறேன்.

திருத்திய மெய்ப்பை மிக்கேலம்மாளிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். இன்று நூலகத்துக்குப் போனபோது பக்கம் 31இல் விரலை வைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

“சார், எம்பத்துமூணுல சோதன பண்ணுனீயல்லா, எங்க நின்னு பாத்தீய?”

“மேல்மாடத்துல. எழுதியிருக்கேனே.”

“அப்ப உங்க லைட்டு எரிஞ்சுச்சா?”

“இது என்ன கேள்வி? எரியாம? அத அணச்சா கப்பல் என்ன ஆகும்?”

“தலைக்கு மேல அது சுத்திக்கிட்டு இருக்கும். நீங்க வெளக்கு அறையில இருந்து நேரா வெளிய வருவீய. இல்லையா?”

“ஆமா.”

“கதையில லைட்டு ஹவுஸு இல்லல்லா சார்?”

அவள் விடவில்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். “நீங்கதான் எழுதியிருக்கீய. ‘1742இல் சேந்தன்முனையில் கலங்கரை விளக்கம் கிடையாது, கரை முழுதும் இருளில் கிடந்தது, எனவே ஏழாம் அத்தியாயத்தில் கப்பல் இரவில் கரையை அடையாளம் காண்பது பிழை.’ அப்ப அந்தப் பிள்ள இருட்டுல நின்னுல்ல பாத்தா? நீங்க வெளிச்சத்துல நின்னு பாத்துட்டு, அவளுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லுதீய.”

“ஒன்பது மைல் ஒன்பது மைல்தான். இருட்டுல கொறயாது.”

“கொறயாது சார். ஆனா ஒரு தடவ வச்சுப் பாத்துருவோம். என் தம்பி ரொசாரி ஃபைபர் படகுல போவான்.”

“தேவையில்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

20.1.2019, ஞாயிறு

எரிவாயு உருளை வந்தது. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். கொல்லையில் முருங்கைக் கிளை முறிந்து விழுந்தது.

மதியம் கோமதியிடம் சும்மா சொன்னேன், மிக்கேலம்மாள் இப்படி ஒரு கிறுக்குத்தனமான கேள்வி கேட்டாள் என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. “என்ன கேட்டா?” என்றாள். திரும்பச் சொன்னேன். “சரியாத்தான கேட்டிருக்கா” என்று மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

நாற்பத்தாறு ஆண்டு தாம்பத்தியத்தில் இந்த நாவலைப் பற்றி அவள் கருத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

23.1.2019, புதன்

கலங்கரை விளக்கத்தில் இப்போது வேலை பார்க்கும் பையன் கடைத்தெருவில் வணக்கம் சொன்னான். பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புது மாதிரி விளக்குப் போடப் போகிறார்களாம். பிப்ரவரி 2 முதல் 4 வரை விளக்கு எரியாதாம். கப்பல்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தாயிற்றாம்.

அந்தத் தேதிகளில் நிலவும் இல்லை. நாலாம் தேதி தை அமாவாசை.

நான் ஒன்றும் திட்டமிடவில்லை. நாள்காட்டியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

27.1.2019, ஞாயிறு

நூலகத்துக்குப் போனேன், குடை எடுக்க. மிக்கேலம்மாளிடம் சொன்னேன்: சோதனை செய்வோம், ஆனால் நிபந்தனை உண்டு. தீவில் யாரும் இறங்கக் கூடாது, அது தடை செய்த இடம். படகில் பாதி அறுத்த தகர டிரம்மில் விறகு எரிய வேண்டும். பிச்சையா எரித்த அளவுக்குத்தான், அதற்கு மேல் ஒரு சுள்ளி கூடாது. மண்ணெண்ணெய் கூடாது. எந்த நேரத்தில் பற்றவைப்பது என்று எனக்குச் சொல்லக் கூடாது. தீ தெரியவில்லையென்றால் பத்தாம் தேதி அவளே எழுந்து இருபத்தேழாம் அத்தியாயம் பொய் என்று சொல்ல வேண்டும்.

“தெரிஞ்சா?” என்றாள்.

“தெரியாது.”

“தெரிஞ்சா என்ன சார்?”

“தெரியாதுங்கறேன்!”

ரொசாரியும் அங்கே இருந்தான். வலையில் அடிபட்ட கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தான். “பெரியவரே, எங்கய்யா பாயயும் பலகையையும்தான் எரிச்சாவ. அந்த அளவுதான் வைப்பேன். உங்களுக்காக ஒரு குச்சி கொறைக்க மாட்டேன், எனக்காக ஒரு குச்சி கூட்டவும் மாட்டேன்” என்றான். அவன் அப்பா இறந்தபோது அவன் தாய் வயிற்றில் இருந்தான்.

3.2.2019, ஞாயிறு

தெரிந்தது.

4.2.2019, திங்கள்

தர்ப்பணம் கொடுக்கப் போகவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தான், கெப்பாசிட்டர் போய்விட்டதாம். நாளைக்குக் கொண்டுவருகிறானாம்.

கோமதி சமைத்தாள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது நினைவில்லை.

5.2.2019, செவ்வாய்

நேற்று முன்தினம் நடந்ததை எழுதாமல் விட்டால் நான் கோழை. எழுதுகிறேன்.

ஆறரை மணிக்கு நானும் மிக்கேலம்மாளும் மணல்மேட்டில் ஏறினோம். கோமதி தானும் வருவேன் என்றாள். முழங்கால் தாங்காது என்றேன். “உங்க முழங்கால்தான் தாங்காது” என்று முன்னால் நடந்தாள். கலங்கரை விளக்கம் பின்னால் கறுப்பாக நின்றது. அதை இருட்டில் நான் பார்த்ததே இல்லை. என் வேலைக்காலம் முழுவதும் ஒருநாள்கூட அது இருட்டாக இருக்க நான் விட்டதில்லை.

ஏழு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது, எடுக்கப் போனேன். மிக்கேலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெளிச்சம் வேண்டாம் சார்.”

ஏழேகால் இருக்கும். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கடல், அதற்கு மேல் வானம், நடுவில் ஒன்றுமில்லை. பார்த்தாயா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கோமதி சொன்னாள்: “அதே எடந்தான்.”

“எங்க ஆச்சி?” என்றாள் மிக்கேலம்மாள்.

“அந்தா, அந்தப் பெரிய நட்சத்திரத்துக்கு நேர் கீழ. செகப்பா, குங்குமப் பொட்டு மாதிரி. அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் மறையும். அப்புறம் மறுபடி வரும்.”

பிறகு எனக்கும் தெரிந்தது. சின்னது. கடுகளவு. ஆனால் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இருந்தது. ஒன்பது மைலுக்கு அப்பால் ஒரு டிரம்மில் பாயும் பலகையும் அளவு விறகு எரிவது, என் எழுபத்து நான்கு வயதுக் கண்ணுக்குத் தெரிந்தது.

மிக்கேலம்மாள் தீயைப் பார்க்கவில்லை. கோமதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை. ஆனால் திரும்பியிருந்தது தெரிந்தது.

“என்னிக்கும் ஆச்சி? அன்னிக்கும்னா என்னிக்கு?”

கோமதி மணலில் உட்கார்ந்துவிட்டாள். மிக்கேலம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தனியாக இறங்கிப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் இறங்க வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து கொசுவர்த்தி ஏற்றப் போனேன், மூன்று தீக்குச்சி அணைந்தன. காற்றாக இருக்கும்.

காற்று இல்லை. நான் பொய் எழுதக் கூடாது.

6.2.2019, புதன்

கெப்பாசிட்டர் போட்டாயிற்று. தண்ணீர் வருகிறது.

மாலை கோமதியிடம் கேட்டேன். இரண்டு நாள் கேட்காமல் இருந்ததே பெரிது.

“ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. “சொன்னேனே” என்றாள். “ரெண்டு தடவ சொன்னேன்.”

அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஆடி அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி. செவ்வாக்கெழம. குவார்ட்டர்ஸு முத்தத்துல லாந்தர் ஏத்தல, அந்த வாரம் மண்ணெண்ண இல்ல. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். செகப்பா தெரிஞ்சுச்சு. உங்களக் கூப்பிட்டேன். நீங்க மேல இருந்து எட்டிப் பாத்து, ‘என்ன?’ன்னீங்க. கடல்ல தீ தெரியுதுன்னேன். மேல்மாடத்துல நின்னு பாத்தீங்க. ‘ஒண்ணும் இல்ல. உனக்குக் கண்ணுல ஏதோ’ன்னீங்க. மறுநாளும் சொன்னேன். ‘வெளக்குக்காரன் நானா நீயா?’ன்னு கத்துனீங்க. கீழ எறங்கிப் பாருங்கன்னேன். எறங்கல.”

“மூணாவது நாளு?”

“வியாழன். தெரிஞ்சுச்சு. நான் சொல்லல. திட்டு வாங்க முடியல.”

“நாலாவது நாளு?”

“அமாவாச. வீட்டக் கழுவி விட்டு, மாமாவுக்குப் படையல் போட்டு, அந்தியில வெளிய வந்து பாத்தேன். இல்ல.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அணஞ்சிட்டு, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேங்க. இனிமே இதுக்கு உங்ககிட்ட ஏச்சு வாங்க வேண்டாம்னு நெனச்சேன்.”

விசாரணையில் அதிகாரிகள் அவளைக் கேட்கவில்லை. நான் சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள்.

7.2.2019, வியாழன்

விசாரணையில் ‘நான் வெளியே வந்து பார்த்தேன்’ என்று சொன்னேன். அது உண்மை. எதற்காக வெளியே வந்தேன் என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

கோமதி சொன்னது எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை. அவள் சொன்னாள், நான் பார்த்தேன், இல்லை. ஆகவே அவள் சொன்னது ஒன்றுமில்லை. இப்படித்தான் வைத்திருந்தேன். 1983இல் அந்தச் சோதனையை எதற்குச் செய்தேன்? ஊருக்காக என்று பக்கம் 31இல் எழுதியிருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. விளக்கு எரிகிறதா, சுழல்கிறதா, கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மைக் கடல் பார்க்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். கடலை நாம் பார்ப்பது அதில் கிடையாது. பார்த்தாலும் விளக்கறையிலிருந்து வெளியே வந்தவனுக்கு வெகுநேரம் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியும். புதிதாக வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் படிக்கட்டில் தடுக்கி விழாமல் இருக்க நானே சொல்லிக்கொடுத்த விஷயம் இது. கண் பழகட்டும், பிறகு இறங்கு என்று. படிக்கட்டுக்குச் சொன்னேன். கடலுக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த எழுத்தாளர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார் என்று எழுதினேன். அவர் கலங்கரை விளக்கம் இல்லாத கரையை யோசித்து எழுதியிருக்கிறார். நான் இருபத்திரண்டு ஆண்டு அங்கேயே நின்றும் அதை யோசிக்கவில்லை.

மற்ற நூற்றுப் பதின்மூன்று பிழைகளும் பிழைகளே. அதில் மாற்றமில்லை.

8.2.2019, வெள்ளி

அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியது. பிரிக்கவில்லை.

கோமதி கேட்டாள்: “பத்தாம் தேதி போகணுமா?”

“போகணும்.”

“யாருக்கும் தெரியாது. அந்தப் புள்ளைக்குத்தான் தெரியும். அவ யாருகிட்டயும் சொல்லல. குழாயடியில இன்னிக்கு எப்பவும் போலத்தான் பேச்ச நிறுத்துனாளுக.”

“அதுக்காக?”

“இத்தன வயசுக்கு மேல ஊருக்கு முன்னால நின்னு எதுக்குங்க?”

“முப்பத்தேழு வருசமா ஊருக்கு முன்னால நின்னுதான் இல்லன்னு சொன்னேன். ஆமான்னு சொல்ல மட்டும் ஒளிஞ்சுக்கிட்டா போவேன்?”

“அப்ப நானும் வாறேன். பாத்தவ நான்” என்றாள்.

10.2.2019, ஞாயிறு

நூலகத்தில் இருபத்தொரு பேர் இருந்தார்கள். தொம்மையும் வந்திருந்தார். எண்பத்தெட்டு வயது, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். காது கேட்கவில்லை, ஆனால் என்னைப் பார்த்த கண்ணில் ஒரு குறையும் இல்லை. மிக்கேலம்மாள் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். மணல்மேட்டுக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

உருளைக்கிழங்கிலிருந்து தொடங்கினேன். முத்து எடைக் கணக்கில் ஆசிரியர் செய்த குளறுபடி, ஒல்லாந்தக் கப்பித்தானுக்கு அவர் போட்ட தொப்பி, எட்டாம் அத்தியாயத்தில் அமாவாசை நாளில் காய்கிற முழு நிலவு. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து போனார். மிக்கேலம்மாள் சொன்னது சரிதான், முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

பிறகு இருபத்தேழாம் அத்தியாயம்.

எழுதிக்கொண்டு போயிருந்த பதினாறு பக்கத்தையும் மடித்து மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். எனக்கு மேடைப் பேச்சு தெரியாது. “இந்த ஒரு அத்தியாயம் சரி. தீ தெரியும். இங்கேயிருந்து தெரியும். இந்த மாசம் மூணாம் தேதி பார்த்தேன். எண்பத்தியொண்ணுல அது தெரிஞ்சுது. என் மனைவி பார்த்தா. எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னா. நான் விளக்கு வெளிச்சத்துல நின்னு பார்த்துட்டு இல்லன்னு சொன்னேன். அவ சொன்னத விசாரணையில சொல்லாம விட்டேன்” என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதை அவர்கள் கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். அந்த வேலையையும் அவர்கள் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

தொம்மையின் பேத்தி அவர் காதில் வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்: “தீ தெரிஞ்சுச்சாம் தாத்தா! சார் சொல்லுதாவ!” தொம்மை நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. “தெரிஞ்சுச்சா?” என்று கேட்டார். “தெரிஞ்சுச்சுல்லா?” அவ்வளவுதான். வேறு வசவு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் அழுதார். பல் இல்லாத கிழவன் சத்தமாக அழுவதை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. ரொசாரி வெளியே எழுந்து போனான். வாசலில் கிடந்த என் செருப்பை எட்டி உதைத்தான். ஒரு செருப்பு ரோட்டில் போய் விழுந்தது. அது சரிதான்.

மிக்கேலம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கோமதியின் முன்னால் வந்து தரையில் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள்.

“ஆச்சி, எத்தன நாள் பாத்திய?”

“மூணு நாளும்மா. செவ்வா, புதன், வியாழன்.”

“வெள்ளிக்கெழம பாத்தியளா?”

“பாத்தேன். இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மழையா, மூட்டமா? மறைச்சிருக்குமா?”

“இல்லம்மா. வானம் வெளிச்சுக் கெடந்துச்சு. அமாவாச, எனக்கு நல்லா நெனப்பிருக்கு. தீ இல்ல.”

மிக்கேலம்மாள் விரலால் தரையில் ஏதோ எண்ணினாள். எழுந்து மேசைக்குப் போனாள். கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். அவள் தாய் உயிரோடுதான் இருக்கிறார், வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தம்மாள் முகத்தை 1981க்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அவர் இருக்கும் தெருவில் நான் போகமாட்டேன்.

“எம்மா, நாந்தான். அப்பாவோட தேதி கெடச்சுட்டும்மா.”

இருபது பேர் இருந்த அறையில் அந்தக் கிழவியின் குரல் கைப்பேசிக்கு வெளியேயும் கேட்டது. என்ன தேதி என்றார்.

“ஆகஸ்ட் நாலு இல்லம்மா. அது பொணம் எடுத்த நாளு. நாம இத்தன வருசமா தப்பான நாளுலதான் பூச வச்சிருக்கோம். ஜூல முப்பது வரைக்கும் அப்பா தீ போட்டுருக்காவ. மறுநாள் போடல.”

பிறகு அவர் ஏதோ கேட்டார். மிக்கேலம்மாள் நூலகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து வந்து, கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

“யாரு பாத்தான்னு கேக்காவ. நீங்களே சொல்லுங்க.”

வாங்கிக்கொண்டேன். “வணக்கம்மா. நான் சொர்ணலிங்கம் பேசுறேன். லைட் ஹவுஸ்ல இருந்தவன். பாத்தது என் மனைவி. பாக்க வேண்டியவன் நான், பாக்கல” என்றேன்.

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“கடேசியா தீ போட்ட அன்னிக்கு,” என்று கேட்டார், “என்ன கெழம?”

“வியாழக்கிழமை” என்றேன்.